கோட்டை மாதிரி வீடு... கூட்டிப் பெருக்குவது யார்?

செட்டிநாட்டுப் பெரிய வீடு ஒன்றுக்குள் முதல் தடவையாகக் காலெடுத்து வைக்கிறவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? ஆண்கள் தேக்குத் தூணைத் தட்டிப் பார்ப்பார்கள். “இந்தத் தூண் இன்னிக்கு என்ன விலை போகும்?” என்று கணக்குப் போடுவார்கள். குழந்தைகள் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓட ஆரம்பித்துவிடும். பெண்களுக்கு மட்டும் வேறு ஒரு கேள்வி தோன்றும்: “அடேயப்பா, இவ்வளவு பெரிய வீட்டை யாருங்க தினம் கூட்டிப் பெருக்குவாங்க?”

கேலியாகத் தோன்றினாலும் அதுதான் சரியான கேள்வி. தூண் பர்மாவிலிருந்து வந்தது, சரவிளக்கு சீமையிலிருந்து வந்தது என்பதெல்லாம் எந்தச் சுற்றுலாப் புத்தகத்திலும் கிடைக்கும். நூறு வருஷத்துக்கு முன் கட்டிய வீடு இன்றைக்கும் ஒழுகாமல் நிற்கிறதே, அதற்கு யார் பொறுப்பு? யார் செலவு செய்கிறார்கள்? சாவி யாரிடம் இருக்கிறது? குடும்பம் நடத்துகிற நமக்கு இதுதானே தெரிய வேண்டும்!

இரண்டு விதக் கோட்டை

காரைக்குடிக்குப் போகிற வழியில், புதுக்கோட்டை மாவட்டத்தில், திருமயம் கோட்டை இருக்கிறது. ராமநாதபுரம் சேதுபதி 1687-ல் கட்டியது. ஊமையன் கோட்டை என்றும் சொல்வார்கள். பாறை மேல் ஏறி நின்றால் சுற்றுவட்டாரம் முழுக்கத் தெரியும். இந்தக் கோட்டைக்கு இப்போது மத்திய அரசின் தொல்லியல் துறை பொறுப்பு. காவலாள், பராமரிப்பு எல்லாம் சர்க்கார் செலவு.

அங்கிருந்து தெற்கே போனால் கானாடுகாத்தான், ஆத்தங்குடி, காரைக்குடி, தேவகோட்டை என்று வரிசையாக ஊர்கள். ஒவ்வொரு தெருவிலும் கோட்டை கோட்டையாக வீடுகள். நாட்டுக்கோட்டை நகரத்தார் என்ற பெயரிலேயே கோட்டை இருக்கிறது பாருங்கள்! இவற்றில் பெரும்பாலானவற்றுக்குச் சர்க்கார் காவல் கிடையாது. தனி ஒரு ராஜாவும் கிடையாது. கட்டிய பாட்டனாரின் வம்சத்தில் வந்த பங்காளிகள் எல்லாரும் சேர்ந்துதான் சொந்தக்காரர்கள். சில வீடுகளுக்குச் சொந்தக்காரர்களே பத்துக் கணக்கில் இருக்கிறார்கள். ஒருத்தர் சென்னையில், ஒருத்தர் சிங்கப்பூரில், ஒருத்தர் அமெரிக்காவில்.

பங்காளி என்றாலே சண்டை என்றுதானே நமக்கு நினைப்பு? அந்தப் பங்காளிகள் கூடிப் பேசிக் காப்பாற்றுகிற வீடுகள் இவை. கூடாமல் போனால் என்ன ஆகும் என்பதையும் அதே ஊரிலேயே பார்க்கலாம். இரண்டையும் பார்ப்போம்.

உள்ளே வாருங்கள்

வீட்டின் முன் வாசல் ஒரு தெருவில் இருந்தால், பின் வாசல் அடுத்த தெருவில் இருக்கும். முன்னால் நின்று பார்த்தால் வாசல்களெல்லாம் ஒரே நேர்கோட்டில், கடைசி வரைக்கும் வெளிச்சம் தெரியும். அழகுக்காக மட்டும் இப்படி வைக்கவில்லை. காற்று தங்கு தடையில்லாமல் ஓடுவதற்கு இதுதான் வழி. சித்திரை வெயிலில் தெருவில் கால் வைக்க முடியாது. உள்ளே வந்தால் சில்லென்று இருக்கும். தடித்த சுவர், உயர்ந்த கூரை, நடுவில் திறந்த முற்றம் மூன்றும் சேர்ந்து செய்கிற வேலை அது.

முதலில் முகப்பு, திண்ணை. வியாபாரம், விருந்தாளி எல்லாம் இங்கேதான். அதைத் தாண்டினால் வளவு. நடுவே முற்றம், சுற்றிலும் தூண்கள், தூண்களுக்குப் பின்னால் வரிசையாக அறைகள். அதற்கும் பின்னால் இரண்டாம் கட்டு. பந்தி பரிமாறுகிற இடம். கடைசியில் அடுப்படிக் கட்டு. அம்மி, ஆட்டுக்கல், உரல், கிணறு என்று பெண்களின் ராஜ்யம் முழுக்க அங்கேதான்.

மழை பெய்தால் நாலு பக்கக் கூரைத் தண்ணீரும் முற்றத்தில் விழும். அங்கிருந்து வழிந்து ஊருணிக்குப் போகும்படி ஊரையே திட்டமிட்டிருக்கிறார்கள். மழை குறைந்த சீமை அல்லவா? ஒரு சொட்டும் வீணாகக் கூடாது!

சுவரைத் தடவிப் பாருங்கள், பட்டுத் துணி மாதிரி வழுக்கும். அரைத்த சுண்ணாம்பு, மணல், கடுக்காய்ச் சாறு, கருப்பட்டி, மேல்பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு என்று பூச்சு மேல் பூச்சாகப் பூசித் தேய்த்து மெருகேற்றியது. பல வீடுகளில் இதற்கு மறுபடி வெள்ளையடிக்க வேண்டிய அவசியமே வரவில்லை. ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

தரையில் ஆத்தங்குடிக் கல். இது இன்றைக்கும் ஆத்தங்குடியில் கையாலேயே செய்கிறார்கள். ஒரு கண்ணாடித் தட்டின் மேல் அச்சை வைத்து, வண்ணக் குழம்பை ஊற்றி, அதன் மேல் மணலும் சிமெண்டும் போட்டு அழுத்துகிறார்கள். தண்ணீரில் ஊறப்போட்டு, காய்ந்ததும் கண்ணாடி தனியாக வந்துவிடும். அந்த வழவழப்பு கண்ணாடி கொடுத்தது! சூளை கிடையாது, நெருப்பு கிடையாது. நடக்க நடக்க மெருகு ஏறுமே தவிர மங்காது. பழைய வீடுகளில் துளித் தேங்காய் எண்ணெய் விட்டுத் துடைப்பார்கள். ஆசிட் பக்கமே போகக் கூடாது. உங்கள் வீட்டில் இந்தக் கல் போட்டிருந்தால் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே கூரை, பல அடுப்பு

வளவைச் சுற்றி அறைகள் என்று சொன்னேன் அல்லவா? ஒவ்வொரு கல்யாணமான பிள்ளைக்கும் அதில் ஒரு பங்கு. இங்கேதான் நகரத்தாரின் சாமர்த்தியம் இருக்கிறது.

கூட்டுக் குடும்பம் என்றால் ஒரே அடுப்பு, ஒரே உலை, மாமியார் கையில் அரிசி மூட்டை என்று நாம் நினைக்கிறோம். இவர்கள் வழக்கம் அப்படி இல்லை. பிள்ளைக்குக் கல்யாணம் ஆனால் கொஞ்ச நாளில் ‘வேறு வைப்பார்கள்’. வீட்டை விட்டு அனுப்புவது என்று நினைத்துவிடாதீர்கள்! அதே வீட்டில், அதே கூரைக்குக் கீழே, தனி அறை, தனிச் சமையல். வருஷத்துக்கு இவ்வளவு என்று பணமும் பண்டமும் ஒதுக்கிவிடுவார்கள். அதற்குள் கட்டும் செட்டுமாகக் குடும்பம் நடத்த வேண்டியது புது மருமகளின் பொறுப்பு.

யோசித்துப் பாருங்கள். “உன் புள்ளைக்கு ரெண்டு கரண்டி நெய் ஜாஸ்தி போட்டே!” என்ற சண்டைக்கே இடமில்லை. தினசரி வாழ்க்கை தனித்தனி. கல்யாணம், படைப்பு, நல்லது கெட்டது எல்லாம் ஒன்றாக வளவில். புருஷன் கடல் கடந்து வியாபாரத்துக்குப் போய் மூன்று வருஷம் கழித்துத் திரும்புகிற காலம் அது. இளம் மனைவி தனியாகவும் இல்லை; பிறர் கையை எதிர்பார்த்தும் இல்லை.

எதையும் எழுதி வைப்பது இவர்கள் சுபாவம். கல்யாணத்தின் போது இரு வீட்டாரும் கையெழுத்திடுகிற ‘இசைகுடிமானம்’ என்ற பத்திரம் உண்டு. பெண்ணுக்குக் கொடுக்கிற சாமான்களைப் பரப்பி வைத்து, ஒரு கரண்டி விடாமல் பட்டியல் எடுப்பார்கள். கல்யாணமான ஒரு ஜோடி ஒரு ‘புள்ளி’. கோயில் செலவுக்குப் புள்ளிக்கு இவ்வளவு என்று வரி. பணக்காரர், ஏழை என்று பார்க்காமல் எல்லாரும் கணக்கில் உண்டு. ஊர்க் கோயிலை நடத்திய அதே முறைதான் வீட்டை நடத்தவும் கைகொடுத்தது.

பணம் வந்த வழியும் போன வழியும்

இந்த வீடுகளில் பெரும்பாலானவை 1850-லிருந்து 1940-கள் வரைக்கும் எழுந்தவை. இலங்கை, மலேயா, சிங்கப்பூர், எல்லாவற்றுக்கும் மேலாகப் பர்மா. அங்கே நெல் விவசாயிகளுக்குக் கடன் கொடுத்து வட்டி வாங்கியதில் வந்த பணம். 1930-களில் நெல் விலை அதலபாதாளத்துக்குப் போயிற்று. கடனை அடைக்க முடியாத விவசாயிகளின் நிலம் இவர்கள் கைக்கு வந்தது. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் சாகுபடி நிலத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு! பர்மாக்காரர்களுக்கு அது மாறாத வடுவாகிப் போனது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

1942-ல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்தான். பலர் போட்டது போட்டபடி ஓடி வந்தார்கள். 1948-ல் பர்மா சுதந்திரம் அடைந்த பிறகு நிலமெல்லாம் அரசாங்கத்தின் கைக்குப் போயிற்று. வருமானம் நின்றது, வீடு மட்டும் மலை மாதிரி நின்றது! பிள்ளைகள் படித்து வேலை தேடிப் பட்டணம் போனார்கள். ஐம்பது பேர் புழங்கிய வளவில் ஒரு விளக்கு, ஒரு வயதான ஆச்சி என்று ஆயிற்று.

யார் பார்த்துக்கொள்கிறார்கள்?

இப்போது நம் கேள்விக்கு வருவோம்.

நன்றாக நிற்கிற வீடுகளில் வழக்கமாக இப்படித்தான் நடக்கிறது. உள்ளூரில் ஒரு குடும்பம் அல்லது நம்பகமான ஒரு காவல்காரர் வீட்டைத் திறந்து பெருக்கி விளக்கேற்றுகிறார். வரி, மின்சாரம், சம்பளம் எல்லாவற்றையும் பங்காளிகள் பங்கு பிரித்துக் கொடுக்கிறார்கள். ஒருத்தர் கணக்கு வைத்துக்கொள்கிறார். முன்னோருக்குப் படைக்கிற நாளில், கல்யாணத்தில், அறுபதாம் கல்யாணத்தில் எல்லாரும் வந்து கூடுகிறார்கள். வீட்டை ஒழுங்கு செய்வதற்கு அதுதான் சாக்கு. “அடுத்த தையிலே கல்யாணம், அதுக்குள்ளே ஓட்டைப் பார்த்திடணும்” என்று ஒரு பேச்சு வந்தால், வீட்டுக்கு இன்னும் பத்து வருஷ ஆயுசு.

ஓடு என்றதும் அலட்சியமாக நினைக்காதீர்கள். இந்த வீடுகளின் உயிரே அங்கேதான். நாட்டு ஓட்டை அவ்வப்போது பிரித்து, உடைந்ததை மாற்றி, திரும்ப மேய வேண்டும். ஒரு ஓடு நகர்ந்தால் தண்ணீர் உத்தரத்தில் இறங்கும். மழைக்கு மழை ஈரம் ஏறிக்கொண்டே போனால் தேக்குக்கும் ஆபத்துதான். ஒரு சின்ன ஓட்டையில் கோட்டையே விழும்!

சில குடும்பங்கள் வேறு வழி கண்டிருக்கின்றன. ஆத்தங்குடி லட்சுமி விலாஸ் போன்ற வீடுகளைச் சிறு கட்டணம் வாங்கிக்கொண்டு பார்க்க விடுகிறார்கள். சில வீடுகள் சினிமாப் படப்பிடிப்புக்குக் கொடுத்துப் பராமரிப்புச் செலவைச் சரிக்கட்டுகின்றன. வேறு சில தங்கும் விடுதிகளாகிவிட்டன. செட்டிநாட்டு ஊர்த் தொகுப்பை யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் 2014-ல் இந்தியா சேர்த்தது. ஆனாலும் பட்டியலில் பெயர் வந்தால் ஓடு தானாக மாறிவிடுமா என்ன!

இது நம்மூர் அதிசயம் மட்டும் இல்லை. ஸ்காட்லாந்தின் கடற்கரையில் போர்ட்டன்கிராஸ் என்று ஒரு சின்னக் கோட்டை. இடிந்து கிடந்ததை ஊர்க்காரர்களே ‘நண்பர்கள் சங்கம்’ ஒன்று ஆரம்பித்துப் பழுதுபார்த்து, கோடை மாதங்களில் தாங்களே மாறி மாறி வந்து கதவைத் திறந்து காட்டுகிறார்கள். அங்கே ஊர், இங்கே பங்காளிகள். இரண்டு இடத்திலும் சூட்சுமம் ஒன்றுதான்: யார் எப்போது வர வேண்டும், யார் எவ்வளவு தர வேண்டும் என்பதில் ஒரு பேச்சு இருக்கிறது.

பேச்சு முறிந்தால்...

காரைக்குடியில் முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போய்ப் பாருங்கள். பழம்பொருள் கடைகள். தேக்குத் தூண், செதுக்கிய நிலைக்கதவு, பித்தளை அண்டா, எனாமல் கேரியர், யாரோ ஒரு குழந்தையின் மரத் தொட்டில். வேடிக்கை பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்த நிலைக்கதவு எங்கிருந்து வந்தது?

எல்லாருக்கும் சொந்தமான வீட்டில் எல்லாரும் கையெழுத்துப் போட்டால்தான் ஓடு மாற்றவும் முடியும், விற்கவும் முடியும். ஒருத்தர் “என்னால இப்போ முடியாது” என்பார். இன்னொருத்தர் கடிதத்துக்குப் பதிலே போட மாட்டார். மூன்றாவது தலைமுறைக்கு ஒருவரை ஒருவர் தெரியவே தெரியாது. கூரை இறங்கிய பிறகு, “இடிச்சு மரத்தையாவது வித்துடலாம்” என்பதில் மட்டும் ஒற்றுமை வந்துவிடும்! கட்ட வருஷக்கணக்கில் ஆன வீடு, பிரித்து லாரியில் ஏற்றச் சில வாரம்தான்.

ஏழ்மையால் இடிந்த வீடுகள் உண்டு. பேச்சு நின்றதால் இடிந்தவையும் உண்டு.

பெண்ணுக்கும் சாவி

இந்தக் கதையில் ஒரு குறை. வளவைச் சுற்றிய அறைகள் பிள்ளைகளுக்குத்தான்; மகள்களுக்கு இல்லை. மகளுக்குச் சீர், நகை, சாமான் எல்லாம் தாராளமாக உண்டு. வீட்டில் பங்கு கிடையாது. நகரத்தார் மட்டுமா? நம் எல்லார் வீட்டிலும் அதுதானே வழக்கம்?

சட்டம் மாறிவிட்டது என்பது இன்னும் பல பெண்களுக்குச் சரியாகத் தெரியவில்லை. 1989-ல் தமிழ்நாடு அரசு, அந்த வருஷம் மார்ச் 25-ந் தேதி வரை கல்யாணமாகாத மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் பிள்ளைக்குச் சமமான பங்கு கொடுத்தது. 2005 செப்டம்பர் 9-லிருந்து இந்தியா முழுவதும், கல்யாணமான மகளுக்கும் அந்த உரிமை வந்தது. குடும்பம் குடியிருக்கும் வீட்டைப் பிரிக்கச் சொல்லிப் பெண் வாரிசு கேட்கக் கூடாது என்றிருந்த பழைய 23-ம் பிரிவையும் அப்போதே எடுத்துவிட்டார்கள். அந்தத் தேதியில் தகப்பனார் உயிரோடு இல்லாவிட்டாலும் மகளுக்குப் பங்கு உண்டு என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஏற்கெனவே முறைப்படி பாகம் பிரித்து முடிந்த சொத்துக்கு இது பொருந்தாது. உங்கள் வீட்டு விவகாரத்துக்கு ஒரு வக்கீலிடம் பத்திரத்தைக் காட்டிக் கேட்டுக்கொள்வது நல்லது.

“பங்கு ஜாஸ்தியானா சண்டையும் ஜாஸ்திதானே?” என்று கேட்கலாம். இருக்கலாம். ஆனால் பொறுப்பெடுக்கிற கைகளும் ஜாஸ்தியாகும் அல்லவா? பிறந்த வீட்டின் மேல் பெண்ணுக்கு இருக்கிற பாசம் லேசானதா!

போய் வர நினைப்பவர்களுக்கு

தாம்பரத்திலிருந்து காரைக்குடி சுமார் 400 கிலோமீட்டர். பல்லவன் எக்ஸ்பிரஸ் தாம்பரத்தில் நிற்கும். 2025 ஏப்ரலில் தொடங்கிய தாம்பரம் – ராமேஸ்வரம் ரயிலும் காரைக்குடி வழியாகத்தான் போகிறது. கைக்குழந்தை இருந்தால், எத்தனை மணிக்குப் போய் இறங்கும் என்று பார்த்து டிக்கெட் எடுங்கள். அகால நேரத்தில் இறங்கித் தவிக்க வேண்டாம்.

மார்கழி, தை மாதங்கள் சௌகரியம். சித்திரை, வைகாசி வேண்டாம். முற்றத்தின் விளிம்பு, செங்குத்தான மாடிப்படி, பின்கட்டுக் கிணறு மூன்றிலும் சின்னக் குழந்தைகள் ஜாக்கிரதை. மெருகேறிய தரையில் சாக்ஸோடு ஓட விடாதீர்கள்.

எல்லா வீடும் காட்சிசாலை இல்லை. பூட்டிய கதவைத் தட்டுவதும், ஜன்னல் வழியே எட்டிப் பார்ப்பதும் நாகரிகம் இல்லை. கட்டணம் கேட்டால் பேரம் பேசாமல் கொடுங்கள். அது ஓட்டுக்குப் போகிறது! ஞாபகத்துக்கு ஏதாவது வாங்க ஆசைப்பட்டால், பெயர்த்தெடுத்த கதவு வேண்டாம். பனையோலைக் கொட்டான் வாங்குங்கள், கண்டாங்கிச் சேலை வாங்குங்கள். இன்றைக்கு உழைக்கிற கைகளுக்குக் காசு போய்ச் சேரும்.

அவ்வளவு தூரம் முடியாதவர்களுக்குப் பக்கத்திலேயே ஒரு வழி உண்டு. முட்டுக்காட்டில் இருக்கும் தட்சிணசித்ரா. 1984-ல் ஆரம்பித்த மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் என்ற அறக்கட்டளை, 1996-ல் இதைத் திறந்தது. இடிக்க இருந்த பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வீடும் அதில் ஒன்று. தாம்பரத்திலிருந்து மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்தால் போதும். ஒரே நாளில் போய் வந்துவிடலாம். செவ்வாய்க்கிழமை விடுமுறை.

நம் ஊர் வீட்டுக்கு

சேலையூரிலும் பெருங்களத்தூரிலும் குரோம்பேட்டையிலும் ஃப்ளாட்டில் இருக்கிற நம்மில் எத்தனையோ பேருக்கு, எங்கோ ஒரு ஊரில் அடைத்துக் கிடக்கிற வீடு ஒன்று உண்டு. கோட்டையாக இருக்க வேண்டாம். இரண்டு அறை ஓட்டு வீடாகவே இருக்கட்டும். அதற்கும் இதே விதிதான்.

இந்தப் பொங்கலுக்கு எல்லாரும் கூடும்போது ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். முதல் பக்கத்தில் பங்குக்காரர்களின் பெயரும் போன் நம்பரும், மகள்களையும் சேர்த்து. இரண்டாம் பக்கத்தில் பத்திரம், பட்டா, வரி ரசீது யாரிடம் இருக்கிறது என்பது. மூன்றாம் பக்கத்தில் வருஷச் செலவு எவ்வளவு, ஆளுக்கு எவ்வளவு என்ற கணக்கு. தொகை சின்னதாக இருந்தால்தான் எல்லாரும் கொடுப்பார்கள். மழைக்கு முன்னால் ஓடு பார்ப்பது யார் முறை என்பதையும் எழுதிவிடுங்கள். விற்பதானாலும் வைத்துக்கொள்வதானாலும், கூரை இறங்குவதற்கு முன்னால், நல்ல மனசோடு இருக்கும்போதே முடிவெடுங்கள்.

நோட்டு உங்கள் கையில் இருக்கட்டும். கணக்கு எழுதுவது நமக்குப் புதுசா என்ன!